மாதிரி

சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை.
அந்தப் பக்கம் அவர்கள் தூங்குகிறார்கள்.
இந்தப் பக்கம் நான்,
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில்,
துளை வழியே வரும் குழாய்களின் நுனியோடு.

இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை.
முதல் இரண்டு மில்லியைக் கொட்டிவிட வேண்டும்,
அது குழாயில் நின்ற பழைய ரத்தம்.
அடுத்த நான்குதான் கணக்கு.
ஐஸ் பெட்டியில் வைத்து நேரம் எழுத வேண்டும்.
அவர்கள் விழிக்கக் கூடாது. விழித்தால்
அது வேறு ரத்தமாகிவிடும் என்கிறார் டாக்டர்.

ஒன்றாம் அறையில் ஊய்க்காட்டான், பஸ் டிரைவர்.
தூக்கத்தில் வலது கால் பிரேக்கை மிதிக்கிறது.
அம்பை ரோட்டில் யாரோ குறுக்கே வருகிறார்கள்.
இரண்டில் பணகுடிக் காற்றாலைப் பையன்.
சத்தமே இல்லாமல் எப்படித் தூங்க என்று
ஃபேனை அஞ்சில் வைக்கச் சொன்னான்.
மூன்றில் முக்கூடல் வெயிலுகந்தாள்.
பேர் அப்படி. விளக்கை அணைத்துத்தான்
அவளிடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

படிவத்தை வாசித்துக் காட்டியபோது கேட்டாள்:
"தூங்குறதுக்குக் கூலியா?
யாத்தாடி, இத்தன வருசம் சும்மால்லா தூங்கியிருக்கேன்."
கொஞ்சம் யோசித்து,
"பீடித்தூள் ஏறுன ரத்தம் சிஸ்டர்.
மாதிரிக்கு வேணா எடுத்துப் பாருங்க."

இரண்டு நாற்பதுக்கு மூன்றாம் குழாய் வரவில்லை.
இழுத்தால் சிரிஞ்சு பின்வாங்குகிறது.
செருப்பைக் கழற்றினேன்.
சிவப்பு டார்ச்சை விரலால் பாதி மூடிக்கொண்டு உள்ளே போனேன்.
என் மகள் தூங்கும் அறைக்குள்கூட
இவ்வளவு மெதுவாகப் போனதில்லை.

அவள் கை விழித்திருந்தது.
கை மட்டும்.
இல்லாத இலையைக் கத்தரித்து
இல்லாத தூளை அள்ளிப் பரப்பி
சுருட்டி, தலை மடக்கி, நூல் கட்டி
பக்கத்தில் வைத்தது. அடுத்ததை எடுத்தது.
மணிக்கட்டு மடங்கும் ஒவ்வொரு தடவையும்
குழாயும் மடங்கியது.

கையை நீட்டி வைத்தேன். திரும்பி வந்தது.
மறுபடி நீட்டினேன்.
மூன்றாவது தடவை என் சுண்டுவிரலைப் பிடித்து
உருட்டிப் பார்த்தாள்.
தடிமன் கூட என்று பட்டிருக்கும்.
இருந்தாலும், கையுறையின் தளர்ந்த நுனியை
நகத்தால் உள்ளே மடக்கி
நூலைச் சுற்றினாள்.
அதோடு கை நின்றது, என் விரலை விடாமல்.

குழாய் திறந்துவிட்டது.
ஆனால் எடுக்க நான் சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டும்.
விரலை உருவினால்
கை மறுபடி ஆயிரத்துக்கு மிச்சம் தேடும்.
நின்றேன்.
கீழே ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது.
யாரோ அழ ஆரம்பித்து, உடனே நிறுத்தினார்கள்.
மூன்று மணி போயிற்று.
ஊய்க்காட்டானுடையதும் போயிற்று,
காற்றாலைப் பையனுடையதும்.

பதிவேட்டில் காரணம் எழுத ஒரு குட்டிக் கட்டம்.
"குழாய் அடைப்பு" என்று எழுதினேன்.
மற்ற இருவருக்கும் அதுவே.
மூன்றும் ஒரே நேரத்திலா அடைக்கும் என்று
டாக்டர் கேட்பார். கேட்கட்டும்.

காலையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்,
டீயைத் தொடாமல்.
"தூங்குனேனா சிஸ்டர்?"
"தூங்குனிய."
"கனவு கினவு ரத்தத்துல தெரியுமோ?"
"அதெல்லாம் தெரியாது."
"அப்பச் சரி."
எண்ணூறு ரூபாயை இரண்டு தடவை எண்ணினாள்.
"ஏன் கேக்கேன்னா…" என்று ஆரம்பித்து
லிஃப்டு வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

பத்து மணி வெயில்.
ஜன்னலுக்கு நியூஸ்பேப்பர் ஒட்டிய அறையில்
தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறேன்.
இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை
கண் திறந்து திறந்து மூடுகிறது.